வீட்டில் விசேஷம் உண்டா

என்னை ஒரு வகுப்பாக வைத்துப் பாடம் நடத்திப் பழகினார்கள். பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடையின் மேல்மாடியில் இருந்த டியூஷன் மண்டபம் அது. பிள்ளைகள் மாலையில்தான் வருவார்கள். காலையில் காலியாகக் கிடக்கும் வாங்குகளில் நான் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருப்பேன். கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்பவர், எதிரே நூறு மாணவர்கள் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசுவார்.

பேசியவர்கள் இரண்டு பேர். இருவரும் விசேட கல்வியில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தவர்கள். மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் பதவி ஒன்று வெற்றிடமாகி, விளம்பரம் வந்திருந்தது. இருவரும் விண்ணப்பித்து, இருவருக்கும் நேர்முகத்துக்குக் கடிதம் கிடைத்திருந்தது. பதவி ஒன்றுதான்.

அவர்களைத் தயார்படுத்தியவர் இருவருக்கும் மேற்பார்வையாளரான பேராசிரியர். யாழ்ப்பாணத்துப் பெண்மணி. நாங்கள் மெடம் என்போம். ஓய்வு பெற்ற பிறகு, மூட்டு வலிக்குக் குளிர் ஆகாது என்று எல்லோரும் சொல்லியும் கேளாமல் பதுளையில் வாடகைக்கு வீடு எடுத்து இருந்தார். அவருடைய வேனை ஓட்டுவதுதான் என் வேலை. மண்டபத்தில் உட்காருவது பிறகு சேர்ந்துகொண்டது.

முதல் நாளே அவர் சொன்னது இது. “கலாநிதிப் பட்டம் எடுத்தால் ஆராயத் தெரியும் எண்டுதான் அர்த்தம். படிப்பிக்கத் தெரியும் எண்டு ஒருத்தரும் உங்களுக்குச் சேட்டிபிக்கேட் தரேல்ல.”

மேசைக்குப் பின்னால் மூன்று நாற்காலிகள் போட்டிருப்பார். நேர்முகக் குழுவில் வரக்கூடிய மூன்று வகை ஆட்களாக மாறி மாறி அவரே உட்காருவார். முதல் நாற்காலியில் இருக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். இரண்டாவதில், பேசுகிறவர் வாக்கியத்தை முடிக்கும் முன் வெட்டுவார். மூன்றாவதில் சிரித்துக்கொண்டே, ஆளைக் கவிழ்க்கும் கேள்வியைக் கேட்பார். புரொஜெக்டரை நடுவில் நிறுத்திவிட்டு, கரண்ட் போய்விட்டது, இனி சோக்கட்டியோடு நடத்துங்கள் என்பார். ஒரு மணி நேரப் பாடத்தைத் திடீரென்று பத்து நிமிடத்தில் முடிக்கச் சொல்வார். மாணவர் ஒருவர் காது கேளாதவராக இருந்தால் பலகையைப் பார்த்துக்கொண்டு பேசுவீர்களா என்று முதுகுக்குப் பின்னாலிருந்து அதட்டுவார். கடைசியில் என் பக்கம் திரும்பி, விளங்கினதா என்று கேட்பார். விளங்கவில்லை என்றால் தொடக்கத்திலிருந்து.

அந்த இருவரில் ஒருவர் யாழ்ப்பாணத்து ஆள், சேர் என்றுதான் கூப்பிடுவேன். கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். மற்றவர் கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்த பெண். பத்து வயதில் விடுதிக்குப் போய் அங்கிருந்தே படித்து மேலே வந்தவர். எங்கள் தோட்டத்து ஆட்களில் இந்தப் படிப்பில் இவ்வளவு தூரம் வந்த எவரையும் நான் அதுவரை கண்டதில்லை. அவரை நான் மிஸ் என்பேன். அவர் என்னை அண்ணே என்பார்.

நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவியிருக்கிறேன். வவுனியாவில் லொறி வேலைக்கு ஏறினேன், கட்டாரில் இரண்டு வருடம் தண்ணீர் பௌசர் ஓட்டினேன். எங்கேயும் மூன்று வருடம் தங்கியதில்லை. ஏதாவது சிக்கல் வந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பயம் என்று சொல்ல மாட்டேன், பழகிவிட்டது. கையில் கிடைத்ததை வாசிப்பேன், தமிழ் நன்றாக எழுதுவேன். அந்த எழுத்துதான் பிறகு வம்பில் கொண்டுபோய் விட்டது.

மிஸ்ஸின் ஆய்வு, ஊவா மாகாணத்தில் நான்கு தோட்டங்களில் விசேட தேவையுடைய பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்பதைப் பற்றியது. மூன்று தோட்டங்களுக்கு அவரே போனார். நமுனுகுலைப் பக்கத்துக்கு நான்தான் வேனில் கொண்டுபோய் விட்டேன். நான்காவது மடுல்சீமையில். அந்தத் தோட்டத்து மனேஜரான துரை ஒரு வாரத்துக்கு மட்டும் அனுமதி எழுதிக் கொடுத்திருந்தார். அந்த வாரம் பார்த்துப் பாதையில் மண் சரிந்தது. வாகனம் போகாது, கடைசி இரண்டு மைல் கட்டை தூரம் நடக்க வேண்டும், அங்கேயே தங்க வேண்டும். அதே வாரம்தான் மெடம் தினமும் ஒத்திகை வைத்திருந்தார். லீவு கேட்டால், நேர்முகக் குழுவிடமும் லீவு கேட்பீரோ என்பார்.

மிஸ் இரண்டு நாள் யோசித்துவிட்டுப் படிவக் கட்டை என்னிடம் கொடுத்தார். “நீங்க நம்ம ஆளுதானே அண்ணே. ஒங்களுக்குத் தெரியாத லயமா? கேட்டு எழுதிக்கிட்டு வாங்க.”

ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் ‘தகவல் சேகரித்தவர்’ என்ற இடத்தில் அவர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டிருந்தார். அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. ஊரில் ஒரு அலுவல் என்று மெடத்திடம் லீவு வாங்கிக்கொண்டு நான் போனேன்.

படிவம் சிறியது. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க மட்டும்தான் அது. பிறகு அந்தப் பிள்ளைகளை அவர் நேரில் போய்ப் பார்ப்பதாகத் திட்டம். முதல் கேள்வி: உங்கள் வீட்டில் விசேட தேவையுடைய பிள்ளை உண்டா? உண்டென்றால் வயது, ஆணா பெண்ணா, எப்போதிலிருந்து, பாடசாலைக்குச் செல்கிறாரா.

எங்கள் பக்கத்தில் வீட்டில் நடக்கும் நல்ல காரியத்துக்கு விசேஷம் என்று பெயர். மதுரைப் பக்கத்து வழி வந்தவர்கள் அதையே தேவை என்றும் சொல்வார்கள். தேவை வைத்திருக்கிறோம் வாங்க என்றுதான் அழைப்பார்கள். படிவத்தில் ‘விசேட’ என்று இருந்ததை நான் ‘விசேஷ’ என்று வாசித்தேன். இரண்டும் ஒன்றுதானே. விசேஷமும் தேவையும் சேர்ந்து ஒரு பிள்ளைக்கு என்றால், சடங்குதான். வயதுக்கு வந்த பெண் பிள்ளை. அப்படித்தான் எனக்கு விளங்கியது. எனக்கு அதில் ஒரு நியாயமும் தெரிந்தது. சடங்கு முடிந்ததும் எத்தனையோ பெண் பிள்ளைகளைத் தோட்டத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவதை நான் கண்டிருக்கிறேன். படிப்பைப் பற்றி ஆராய்கிறவர் அதைத்தான் கேட்பார் என்று நினைத்தேன்.

வாசல் வாசலாக நின்று, ஒங்க வீட்ல விசேஷத் தேவ உள்ள புள்ள இருக்கா என்று கேட்டேன். அவர்களுக்கும் அப்படித்தான் விளங்கியது. இருக்கு தம்பி, மூத்தவ, பன்னெண்டு வயசு, போன தைப்பொங்கலுக்குப் பொறகு தலைக்குத் தண்ணி ஊத்துனோம், இப்ப இஸ்கூலுக்குப் போறதில்ல. நான் எல்லாவற்றையும் அழகாக எழுதினேன். ஒரு வீட்டில் என்னை மாப்பிள்ளை பார்க்க வந்த தரகர் என்று நினைத்துக் கேசரி கொடுத்தார்கள். ஒரு கிழவர், “எனக்கும் அறுவதாங் கல்யாணம் வருது, அதையும் எழுதிக்கங்க” என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

கடைசி லயத்தில் ஒரு காம்பரா வீடு. பகல் சாப்பாட்டுக்குக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து வந்திருந்த ஒரு பெண் நின்றபடியே சோறு பிசைந்துகொண்டிருந்தார். கட்டில் காலில் ஒரு பழைய சேலையின் நுனி கட்டியிருந்தது. மறு நுனி ஒரு சிறுமியின் இடுப்பில். எட்டு வயது இருக்கலாம். சாக்கின் மேல் பக்கவாட்டில் கிடந்து, என்னைப் பார்த்து ஏதோ சத்தம் எழுப்பியது. அவிழ்த்துவிட்டால் உருண்டு படிக்கட்டில் விழுந்துவிடும், தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான புள்ளை மடுவத்தில் இந்த வயதில் சேர்க்க மாட்டார்கள், அதனால் மலைக்குப் போகும்போது கட்டிவைத்துவிட்டுப் போகிறேன் என்றார் தாய். நான் கேட்காமலே சொன்னார். பிறகு நான் என் கேள்வியைக் கேட்டேன்.

அவர் பிள்ளையைப் பார்த்தார். “இவளுக்கு இன்னும் வயசு வரல தம்பி. வந்தாலும் யாரு செய்யப் போறா?”

நான் ‘இல்லை’ என்ற கட்டத்தில் சரி போட்டேன்.

மூன்று வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை நேர்முகம் என்றிருக்கும்போது, திங்கட்கிழமை காலை முழு ஒத்திகை நடந்தது. முதலில் சேர். அவருடையது வழுக்கிக்கொண்டு போன பாடம். எங்கும் தடங்கல் இல்லை. மெடம் மூன்று நாற்காலியிலிருந்தும் குத்திப் பார்த்தும் அவர் அசையவில்லை. அடுத்தது மிஸ்.

அவர் தொடங்கி ஐந்து நிமிடத்தில் மெடம் கையைக் காட்டி நிறுத்தினார். புத்தகத்துச் சொல் ஒன்றும் வேண்டாம், விசேட தேவை என்றால் என்ன என்று இந்தத் தம்பிக்கு விளங்கச் சொல்லும் என்றார். மிஸ் என் பக்கம் திரும்பினார். திரும்பியதும் பேச்சும் கொஸ்லந்தப் பேச்சாகிவிட்டது.

“சொகமில்லாத புள்ளைங்க இருக்குல்ல அண்ணே. காது கேக்காதது, பேச்சு வராதது, புத்தி மெதுவா வர்றது, எந்திரிச்சு நடக்க முடியாதது. அந்தப் புள்ளைங்களுக்குப் படிக்கிறதுக்கு என்னா வேணுமோ அதுதான் விசேட தேவ.”

கட்டில் காலில் கட்டியிருந்த சேலை நுனி எனக்கு நினைவுக்கு வந்தது.

அடுத்த படம் சுவரில் விழுந்தது. மடுல்சீமை. மற்ற மூன்று தோட்டங்களிலும் ஆணும் பெண்ணும் எல்லா வயதிலும் கலந்து இருந்தார்கள். மடுல்சீமையில் மட்டும் எல்லாமே பெண் பிள்ளைகள். எல்லோரும் பதினொன்றிலிருந்து பதினான்கு வயது. ‘எப்போதிலிருந்து’ என்ற கேள்விக்கு எல்லோருக்கும் ஒன்றிரண்டு வருடத்துக்குள். பாதிக்கு மேல் பள்ளிக்கூடம் போவதில்லை. மெடம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். இது இதுவரை ஒருவரும் எழுதாத விஷயம், பாதையில்லாத தோட்டத்தில் பருவ வயதுப் பெண் பிள்ளைகளுக்கு என்னவோ நடக்கிறது, மனநிலை சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், குழு நிமிர்ந்து உட்காரும், இதை முன்னால் கொண்டு வாரும் என்றார். சேர் பேனையை மூடி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். அதுவரை சேருக்குத்தான் பதவி என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் படம் வந்த பிறகு அது அப்படி இல்லை.

“தம்பி, விளங்கினதோ?” என்றார் மெடம்.

“விளங்குச்சு மெடம்.”

விளங்கியதுதான் கஷ்டம்.

ஒத்திகை முடிந்ததும் முதல் ஆளாகப் படி இறங்கினேன். பகலில் கடையில் கொத்துரொட்டி வாங்கி, பாதியை வைத்துவிட்டு எழுந்தேன். அறைக்குப் போய்ப் பையைக் கட்டினேன். மொனராகலையில் ஒருவர் மணல் லொறிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். சாவியை மெடத்தின் வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு நான்கு மணி பஸ்ஸில் ஏறியிருந்தால், வெள்ளிக்கிழமை மிஸ் அந்தப் படத்தைக் காட்டியிருப்பார், பதவியும் கிடைத்திருக்கலாம். பிறகு எவனாவது மடுல்சீமைக்குப் போய் அந்தப் பெண் பிள்ளைகளைத் தேடும்போது எல்லோரும் ஓடி விளையாடிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு நான் எங்கேயோ இருப்பேன். கையெழுத்துப் போட்டவர் இருப்பார். அதை நினைத்தபடி பஸ் நிலையம் வரை போனேன். பஸ் நின்றது. போனது. நான் ஏறவில்லை. ஏன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல வராது.

செவ்வாய்க்கிழமை காலை, மிஸ்ஸை அவர் தங்கியிருந்த வீட்டிலிருந்து ஏற்றி, மண்டபத்துக்குப் போகும் வழியில் வேனை ஓரம் கட்டினேன். முன்னால் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விசேஷம், தேவை, தண்ணீர் ஊற்றியது, கேசரி. சேலையால் கட்டிப் போட்ட பிள்ளையையும் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மடியில் இருந்த கோப்பைத் திறந்து மடுல்சீமைப் படிவங்களைப் புரட்டினார்.

“எனக்குத் தோணுச்சு அண்ணே,” என்றார். “கணக்குப் போட்ட அன்னைக்கே தோணுச்சு. பன்னெண்டு வயசுப் பொம்பளப் புள்ள, போன தை மாசத்துலேருந்துன்னு எழுதியிருக்கு. நானும் லயத்துல பொறந்தவதானே. தோணாத மாதிரி இருந்துட்டேன்.”

பிறகு மடுல்சீமைக்கு விடச் சொன்னார். ஒத்திகை, மெடம் என்று நான் இழுத்தேன். போனை நிறுத்தி பைக்குள் போட்டுவிட்டு, திருப்புங்க என்றார்.

பசறை தாண்டியதும் மழை பிடித்தது. மண்ணை இன்னும் முழுதாக அள்ளியிருக்கவில்லை. வேனை விட்டுவிட்டு நடந்தோம். தோட்டத்து எல்லையில், வேலையாட்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை மறித்தார். அனுமதி முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, துரை இல்லை, என்னால் விட முடியாது என்றார். மிஸ் கெஞ்சவில்லை. அனுமதித் தாளில் தேதி முடிந்திருக்கிறது என்பதை அவரே காட்டினார். நாங்கள் எழுதியது எல்லாம் பிழை, இப்படியே விட்டால் உங்கள் தோட்டத்துப் பெண் பிள்ளைகளுக்கு எல்லாம் நோய் என்று புத்தகத்தில் ஏறிவிடும் என்றார். கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார். அவருடைய மகளும் என் படிவத்தில் இருந்தாள். படிவத்தோடு போன எனக்கு அவர் வீட்டில் டீ கொடுத்ததும் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். வேலை முடிந்து சங்கு ஊதுவதற்கு முன் வெளியே போய்விட வேண்டும், நான் உங்களைப் பார்க்கவில்லை என்றார்.

நான்கு மணி நேரம்தான் இருந்தது. ஓடினோம் என்றே சொல்ல வேண்டும். எல்லா வீட்டிலும் ஆள் இல்லை. இருந்த வீடுகளில் மிஸ் ஒரே கேள்விதான் கேட்டார்: வீட்ல சொகமில்லாத புள்ள இருக்கா? அந்தச் சொல்லுக்குக் கதவுகள் வேறு மாதிரித் திறந்தன. சிரிப்பு இல்லை, கேசரி இல்லை. சிலர் இல்லை என்று சட்டென்று சொல்லிவிட்டு, நாங்கள் நாலு அடி போன பிறகு திரும்பக் கூப்பிட்டார்கள். ஒரு வீட்டில் உள்ளறையில் இருந்த மகனைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாள். நான் ‘இல்லை’ என்று சரி போட்ட காம்பராக்களில் பிள்ளைகள் இருந்தார்கள். எத்தனை என்று இங்கே எழுதப் போவதில்லை. அது மிஸ்ஸின் ஆய்வில் இருக்கிறது.

கடைசி லயத்துக்கு வந்தபோது அந்தத் தாய் மழைக்கு வேலையைப் பாதியில் விட்டு அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். கொழுந்து பறிக்கும்போது கட்டும் படங்குச் சாக்கை நனைந்தபடியே இடுப்பிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை அதே இடத்தில். மிஸ் குனிந்து பிள்ளையின் கையைத் தொட்டார். பிள்ளை விரலைப் பிடித்துக்கொண்டது. அப்படியே உட்கார்ந்தபடி கேட்டார்.

“சொகமில்லாத புள்ளன்னு கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே,” என்றார் தாய். கோபமாகச் சொல்லவில்லை. “இந்தத் தம்பி விசேஷமின்னு கேட்டுச்சு.”

நான் வாசலில் நின்றேன். அவர் மிஸ்ஸிடம் கேட்டார். “எழுதிக்கிட்டுப் போனா இவள எங்கயாச்சும் சேப்பாங்களா?”

“தெரியாதுக்கா. இப்ப எழுத மட்டுந்தான் என்னால முடியும்.”

“அப்ப எழுதுங்க. மொதத் தடவ வந்தப்ப அதக்கூடச் செய்யல.”

சங்கு ஊதியபோது நாங்கள் மண் சரிந்த இடத்தைத் தாண்டியிருந்தோம்.

புதன்கிழமை காலை மெடம் மண்டபத்தில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். சேரும் இருந்தார். அவரை வெளியே அனுப்பும்படி மிஸ் கேட்கவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தார். ‘சடங்கு’ என்ற சொல் வந்த இடத்தில் மெடம் கண்ணாடியைக் கழற்றினார். யாழ்ப்பாணத்தில் அந்தக் காரியத்துக்குச் சாமத்தியம் என்பார்கள், தேவை என்று சொல்வதில்லை. ‘விசேட தேவை’ என்ற சொல்லைப் படிவத்தில் போடச் சொன்னவரே அவர்தான். திணைக்களம் பாவிக்கிற சொல் அது, மாற்றக் கூடாது என்று சொல்லியிருந்தாராம்.

“படிவத்தில கையெழுத்து ஆருடையது?”

“என்னோடது மெடம்.”

“எழுதினது?”

நான் எழுந்தேன். மெடம் என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு நீண்ட நேரம் பேசினார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. செய்தது ஆய்வுக் குற்றம், வெளியே தெரிந்தால் பட்டமே போகும், மேற்பார்வை செய்த தன் பெயரும் போகும் என்றார். வெள்ளிக்கிழமை மடுல்சீமை என்ற சொல்லே வரக் கூடாது. மூன்று தோட்டத்தை மட்டும் வைத்துப் பேச வேண்டும். மற்றதை நேர்முகம் முடிந்த பிறகு மெதுவாகச் சரிசெய்யலாம்.

“விண்ணப்பத்தில நாலு தோட்டம்னு எழுதியிருக்கேன் மெடம். கேப்பாங்க.”

“கேட்டால், வேலை இன்னும் முடியேல்ல எண்டு சொல்லும். அது பொய்யில்லை.”

அது பொய்யில்லைதான். சேர் இருந்த பக்கம் நான் பார்த்தேன். அவருக்கு இப்போது எல்லாம் தெரியும். வெள்ளிக்கிழமை ஒரு வார்த்தையை ஒருவர் காதில் போட்டால் போதும். அவர் குறிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒத்திகை தொடர்ந்தது. மிஸ் மூன்று தோட்டத்தை வைத்துப் பேசினார். அதில் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் கேட்டு முடித்ததும் நினைவில் நிற்க எதுவும் இருக்கவில்லை. மெடம் மூன்றாவது நாற்காலிக்குப் போகவே இல்லை.

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே மூவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பல்கலைக்கழகத்தில் வாகனம் நிறுத்தும் இடத்துக்கு எதிரே ஒரு நடைபாதை, அதன் முடிவில் நேர்முகம் நடக்கும் அறை. முதலில் சேரைக் கூப்பிட்டார்கள். அவர் வெளியே வந்து மிஸ்ஸைக் கடக்கும்போது நின்று, இரண்டாவது ஆள் வெட்டுகிறவர், முடிவை முதலே சொல்லிவிடுங்கள் என்றார். அவரைப் பற்றி நான் இரண்டு நாளாக நினைத்ததற்கு அப்போது வெட்கப்பட்டேன்.

மிஸ் உள்ளே போய், சேர் இருந்ததைப் போல் இரண்டு மடங்கு நேரம் இருந்தார். மெடம் வேனுக்குள் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்ததும் இறங்கினார்.

உள்ளே நடந்ததை மிஸ் அங்கேயே, நின்ற இடத்திலேயே சொன்னார். மூன்று தோட்டத்தோடு தொடங்கியிருக்கிறார். நான்காவது எங்கே என்று இரண்டாவது ஆள் வெட்டினார். இன்னும் முடியவில்லை என்று சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல், சோக்கட்டியை எடுத்துப் பலகையில் ‘விசேட தேவை’ என்று எழுதியிருக்கிறார். இதை மடுல்சீமையில் கேட்டால் என்ன பதில் வரும் என்று தொடங்கி, முழுவதையும் சொல்லிவிட்டார். நாம் எழுதும் சொல்லைக் கேட்கிறவர்கள் எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்பதை மாணவர்களுக்கு இப்படித்தான் படிப்பிப்பேன் என்றாராம். குழுவில் ஒருவர் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் சிரித்துக்கொண்டே, படிவத்தைக் கொண்டுபோய்க் கேட்டவர் யார் என்று கேட்டார்.

“டிரைவருன்னு சொன்னேன்,” என்றார் மிஸ். “கையெழுத்து என்னோடதுன்னும் சொன்னேன். அப்ப மத்த மூணு தோட்டத்தையும் நாங்க எப்படி நம்புறதுன்னு கேட்டாங்க. அதோட முடிச்சிட்டாங்க மெடம்.”

மெடம் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். பதுளையில் இறங்கும்போதுதான் சொன்னார். “நான் உமக்குச் சொல்லித்தந்தது அது இல்லை. எண்டாலும் பலகையில எழுதினது நல்லது.”

பதவி சேருக்குக் கிடைத்தது. அவரே மிஸ்ஸுக்குப் போன் செய்து சொன்னார். மிஸ்ஸின் பல்கலைக்கழகம் விளக்கம் கேட்டு எழுதியது. மெடமும் பதில் எழுதினார், அந்தச் சொல்லைத் தெரிவு செய்தது தான்தான் என்று. பட்டப் பதிவை ரத்துச் செய்யவில்லை. நான்கு தோட்டங்களுக்கும் மறுபடி நேரில் போய், புதிய கேள்வியோடு, முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஒரு வருடம் பின்னால் போனது. அந்த ஒரு வருடமும் மிஸ் கொஸ்லந்தவில் ஒரு பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே விடுமுறை நாட்களில் தோட்டங்களுக்குப் போனார். மடுல்சீமைத் தாய் இரண்டு முறை என் போனுக்கு எடுத்து, ஏதாவது ஆச்சா என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது முறை மிஸ்ஸே பேசினார். பசறையில் மாதம் ஒருமுறை வரும் மருத்துவரிடம் பிள்ளையைக் கொண்டுபோக ஏற்பாடு செய்தார். நான்தான் தூக்கிக்கொண்டு மண் பாதையில் இறங்கினேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவுதான் கனமா என்று இருந்தது.

மணல் லொறிக்காரர் வேறு ஆளை எடுத்துவிட்டார். நான் இன்னும் அதே வேனை ஓட்டுகிறேன்.

இந்த மாதம் அடுத்த விளம்பரம் வந்திருக்கிறது. இன்னொரு பல்கலைக்கழகம், அதே பாடம், அதுவும் ஒரே பதவி. மெடம் மறுபடி மூன்று நாற்காலிகளைப் போட்டுவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை மிஸ் மண்டபத்தில் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். ஆய்வில் தகவல் சேகரிக்க உதவியவர்களைக் குறிப்பிடும்படி அதில் ஒரு இடம் இருந்தது. அண்ணே, ஒங்க பேரப் போடட்டுமா என்று கேட்டார். எட்டாம் ஆண்டு படித்தவன் பெயர் எதற்கு, அதைப் பார்த்து மறுபடி அதே கேள்வியைக் கேட்பார்கள், வேண்டாம் என்றேன். கேட்கட்டும் என்றார் அவர்.

கீழே போய் வேனைத் துடைத்துவிட்டு மேலே வந்தேன். பெயரை எப்படி எழுதுவது என்று சொன்னேன்.